உளி வாங்கப் போகிறீர்களா? சற்று நில்லுங்கள்!

சென்ற நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த சங்க அன்பர்களில் பலர் கொலுவைப் பார்த்ததைவிட என் இடது கையில் இருந்த கட்டைத்தான் அதிகம் பார்த்தார்கள். "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "உளி வாங்கினேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்தக் கதையை இப்போது முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது பயன்படலாம்.

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து ரயிலில் கொண்டு வந்த கொலுப்படி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. பம்பாய் மழை பல பார்த்து, பலகைகள் உப்பி, சட்டங்கள் பிடிப்பு விட்டுப்போயிருந்தன. கூப்பிட்ட இரண்டு தச்சர்களும், "இதைத் தூக்கிப் போடுங்கள், புதிதாகச் செய்யலாம்" என்றார்கள். வீட்டம்மாவுக்கு மனம் வரவில்லை. ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருக்கிறேன் என்று நானே இறங்கினேன்.

பளபளக்கும் ஆறு உளிகள், சிவப்புப் பிடிகள், அழகான பெட்டி. விலையும் மிகக் குறைவு. வாங்கி வந்தேன். தேக்குச் சட்டத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்வதற்குள் உளியின் கூர் தகரம் போல் மடங்கிவிட்டது. வெட்டவில்லையே என்று இன்னும் அழுத்தினேன். உளி நழுவியது. உள்ளங்கையில் மூன்று தையல். "முப்பத்தேழு வருஷம் ரயில் பெட்டியெல்லாம் ரிப்பேர் பண்ணினீங்க, ஒரு உளி வாங்கத் தெரியலையே!" என்றாள் மனைவி. அந்த ஆண்டு டிரங்குப் பெட்டிகளை அடுக்கித்தான் கொலு வைத்தோம்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. 1981-ல் நான் மாதுங்கா ரயில் பெட்டிப் பணிமனையில் சேர்ந்தபோது, கொங்கணத்து மிஸ்திரி ஒருவர் தச்சுப் பிரிவில் இருந்தார். "சாப், கூரான பட்டாசி மரத்தை வெட்டும், மழுங்கின பட்டாசி கையை வெட்டும்" என்பார். பட்டாசி என்பது மராத்தியில் உளி. கூர் இல்லாத உளிக்குப் பலம் அதிகம் வேண்டும். பலம் கூடினால் கட்டுப்பாடு போய்விடும். இந்தப் பாடத்தைத்தான் நான் மறந்திருந்தேன்.

கட்டுப் பிரித்ததும் நாக்தேவி வீதிக்குப் போய், இம்முறை நிதானமாகப் பார்த்து வாங்கினேன். பெட்டியின் மேல் 'குரோம் வனேடியம்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது இரும்பில் என்ன கலந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். காய்ச்சி, தோய்த்து, டெம்பர் சரியாக வைத்தார்களா என்று சொல்லாது. உளியின் உயிர் அந்த டெம்பரில்தான் இருக்கிறது. நல்ல உளியின் கடினம் ராக்வெல் அளவில் ஏறக்குறைய 58 முதல் 62 வரை இருக்கும்.

கடையில் அதை எப்படி அறிவது? பையில் ஒரு சின்ன அரம் எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கூர்ப் பக்கத்து ஓரத்தில் மெல்ல ஒரு இழுப்பு. அரம் வழுக்கினாலோ, சற்றே பிடித்தாலோ நல்லது. ஆணியை அராவுவது போல் ஆழமாகக் கடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது முதுகு, அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கம். அதில் எஃகு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் லேசான குழிவு பரவாயில்லை. தொப்பை போல் புடைத்திருந்தால் தேய்த்து மாளாது. பிறகு, தண்டவாளத்தை நாங்கள் ஒற்றைக் கண்ணால் பார்ப்பது போல, உளியை நீளவாக்கில் பாருங்கள். பிடியும் அலகும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பக்க ஓரங்கள் சரிவாக, மெல்லியதாக இருந்தால்தான் மூலைகளில் நுழையும்.

ஆறு உளி தேவையே இல்லை. 12 மி.மீ., 25 மி.மீ. இரண்டும் முதலில் போதும். பிறகு 6 மி.மீ. ஒன்று. அந்தப் பெட்டி முழுவதற்கும் நான் கொடுத்த விலைக்கு இங்கே ஒரே ஒரு நல்ல உளிதான் கிடைத்தது. ஆனால் அது உழைக்கிறது. சோர் பஜாரில் பழைய ஷெஃபீல்டு உளி கிடைத்தால் விடாதீர்கள். மேல் துரு தேய்த்தால் போய்விடும். முதுகில் ஆழமாகத் துரு அரித்த குழிகள் இருந்தால் மட்டும் வேண்டாம்.

எந்த உளியானாலும் வாங்கியபடியே வெட்டாது, தீட்ட வேண்டும். சாணைக்கல் இல்லையா? தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை ஒட்டி 220, 400, 1000 என்று வரிசையாகத் தேயுங்கள். முதுகை முதலில் கண்ணாடி போல் ஆக்குங்கள். சரிவின் நீளம் அலகின் தடிப்பைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் கோணம் 30 டிகிரி. இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவென்றால் 25. சரிவு 25-ல் இருந்து, நுனியை மட்டும் 30-ல் தீட்டினால் கூர் நிற்கும். மின்சாரச் சாணையில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். நுனி நீலமாகிவிட்டால் டெம்பர் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து எடுக்கத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. சட்டத்தைக் கையில் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இரு கைகளும் எப்போதும் கூருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். மூன்று தையல் போட்டுக்கொண்டவன் சொல்கிறேன்.

படி இப்போது தயார். ஐந்து படிகளும் ஆடாமல் நிற்கின்றன. இந்த நவராத்திரிக்கு அவசியம் குடும்பத்தோடு வாருங்கள். வீட்டில் மழுங்கிய உளி கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். சுண்டல் வேகும் நேரத்தில் தீட்டித் தருகிறேன்.