எல்லா வேலைக்கும் ஒரே எடிட்டர்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, என் பாடக் குறிப்புகள் அனைத்தும் ஒரு கைப்பேசிச் செயலியில் இருந்தன. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், அந்தச் செயலி இலவசச் சேவையைச் சுருக்கிக்கொண்டு மாதக் கட்டணம் கேட்டது. குறிப்புகளை வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எடுத்தேன். கிடைத்த கோப்பு வேறு எந்தச் செயலியிலும் ஒழுங்காகத் திறக்கவில்லை.

அந்த எரிச்சலில்தான் சீனியர் ஒருவர் சொன்ன ஈமேக்ஸ் பக்கம் போனேன்.

பார்த்தால் அது நோட்பேட் போல ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். 1976ல் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985ல் குனு ஈமேக்ஸ் என்ற பதிப்பை வெளியிட்டார். இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருவது அதுதான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக இயங்கும்.

எழுத்து அடிக்கும் மென்பொருளில் மற்ற வேலைகளை எப்படிச் செய்வது? ஈமேக்ஸுக்குள் லிஸ்ப் என்ற நிரல்மொழி இருக்கிறது. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் அம்மொழியில் ஒரு சிறு கட்டளையை இயக்குகிறது. மூடித் திறக்காமலேயே அந்தக் கட்டளையை மாற்றலாம், புதிதாகவும் எழுதலாம். இப்படிப் பலர் எழுதிச் சேர்த்ததால் நாள்காட்டி, கணிப்பான், கோப்பு மேலாளர், மின்னஞ்சல் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. டெட்ரிஸ் விளையாட்டுகூட உண்டு. நீங்கள் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் ‘டாக்டர்’ ஒருவரும் இருக்கிறார். 1960களின் எலைசா உரையாடல் நிரலின் வழிவந்தவர். சாட்ஜிபிடியோடு பேசிப் பழகிய நமக்கு அவர் கொஞ்சம் பாவமாகத் தெரிவார்.

எனக்கு அதிகம் உதவுவது ஆர்க் மோட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் தம் சொந்தக் குறிப்புகளைச் சமாளிக்க 2003ல் எழுதத் தொடங்கியது இது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி போட்டால் அது தலைப்பு. இரண்டு போட்டால் துணைத்தலைப்பு. ஒரு தலைப்பைச் செய்யவேண்டிய வேலையாகக் குறித்து, கெடு தேதி சேர்க்கலாம். விரிவுரைக் குறிப்பின் நடுவிலேயே ‘ஆய்வுக்கூட அறிக்கை, வெள்ளிக்கிழமை’ என்று எழுதிவிட்டு மறந்துவிடுவேன். பட்டியலைக் கேட்டால், எந்தெந்தக் கோப்பிலோ சிதறிக் கிடக்கும் கெடுக்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும். இவை அனைத்தும் வெறும் எழுத்துக் கோப்புகள். நாளையே ஈமேக்ஸ் காணாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

தமிழும் வரும். கண்ட்ரோல் விசையுடன் எச், பிறகு தனியாக மீண்டும் எச் அழுத்திப் பாருங்கள். பல மொழி முகமன்களுக்கு நடுவே நம் ‘வணக்கம்’ இருக்கும். தமிழ்த் தட்டச்சு முறைகளும் உள்ளேயே உண்டு.

தொல்லைகளையும் சொல்லவேண்டும். ஈமேக்ஸ் நம் காலத்துப் பழக்கங்களுக்கு முந்தியது. நகலெடுக்க ஆல்ட் டபிள்யூ, ஒட்ட கண்ட்ரோல் ஒய். முதல் வாரம் முழுதும் என் விரல்கள் தப்புத் தப்பாகத்தான் ஓடின. கண்ட்ரோலை அடிக்கடி அழுத்துவதால் சுண்டுவிரல் வலிக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து, எதையும் மாற்றலாம் என்பதுதான். ஒரு சனிக்கிழமை முழுவதையும் திரையின் நிறங்களை மாற்றுவதில் கழித்தேன். அன்று எழுதவேண்டிய கட்டுரை ஒரு வரிகூட நகரவில்லை.

‘எல்லாமே ஈமேக்ஸில்’ என்பவர்களைப் போல என்னால் இருக்க முடியவில்லை. அதன் உள் உலாவி ஜாவாஸ்கிரிப்டை இயக்காது. அதனால் கல்லூரி இணையவாசலுக்கு வழக்கமான உலாவிதான். குழு வேலைக்கு கூகல் டாக்ஸ். நான்கு நண்பர்களை எனக்காக ஈமேக்ஸ் கற்கச் சொல்வது நியாயமில்லை. கல்லூரி மின்னஞ்சலை இணைக்க இரண்டு மாலைகள் போராடிவிட்டு விட்டுவிட்டேன். குறிப்பு, கட்டுரை, நிரல், செலவுக் கணக்கு, கெடு தேதி ஆகியவை மட்டும் உள்ளே இருக்கின்றன.

முயல விரும்புவோர் யூடியூபில் பிறர் அலங்கரித்த திரைகளைப் பார்த்து மிரளவேண்டாம். நிறுவியதும் கண்ட்ரோல் எச், பிறகு டி அழுத்துங்கள். உள்ளேயே ஒரு பயிற்சிப் பாடம் திறக்கும். எனக்கு அது ஒரு எம்ஆர்டி பயணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்தது. பிறகு இந்தப் பருவத்தின் ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் அதில் குறிப்பெடுத்துப் பாருங்கள்.