முன்பாரமும் பின்பாரமும்

ஏழாம் வகுப்பில் ஈர்ப்பு மையம் வருகிறது, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையோடு. பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் வருகிறது, கணக்குகளோடு. மூன்றாண்டு இடைவெளியில் நம் பிள்ளைகள் இரண்டையும் வெவ்வேறு சங்கதிகளாக எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று காட்ட எங்கள் ஊரில் ஒரு நல்ல இடம் இருக்கிறது: முந்தலைத் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறும் சாலை. 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள், சாயங்காலம் மூட்டைகளோடு இறங்கும் வண்டிகள், நடுவே சுற்றுலாக் கார்கள்.

அந்தச் சாலையில் ஒருநாள் கார் ஒன்று சிறு மோட்டார் படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு ஏறியதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், "மலைக்கு எதுக்கு சார் படகு?" என்று கேட்டார்கள். மாட்டுப்பட்டியில் அணைநீரில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. சாலை வழியாகத்தானே அவை மேலே போக முடியும்? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் மக்களை மீட்டதையும் சொன்னேன். அடுத்த கேள்விதான் பாடத்துக்கு வழிவிட்டது: "டிரெய்லருக்கு இரண்டே சக்கரம். முன்னாலும் சாயாம பின்னாலும் சாயாம எப்படி நிக்குது?"

இதற்கு மாட்டுவண்டிக்காரர்களிடம் பழைய பதில் உண்டு. வண்டியில் சரக்கு முன்னால் கூடினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். நல்ல வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரம் இருக்கும்படி மூட்டையை அடுக்குவார். குறைந்தால் தானே முன்னால் நகர்ந்து உட்காருவார். டிரெய்லருக்கும் அதே விதிதான். நுகத்தடிக்குப் பதில் காரின் பின்னால் உள்ள கொக்கி, அவ்வளவே.

எவ்வளவு முன்பாரம் வேண்டும்? இழுக்கப்படும் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கலாம் என்பது பொதுக் கணக்கு. படகு டிரெய்லர்களுக்கு இதைவிடச் சற்றுக் குறைவும் போதும். இழுக்கும் வண்டியின் கொக்கி தாங்கும் எடை அதன் கையேட்டில் இருக்கும்; அதைத் தாண்டக் கூடாது. அளவு மிஞ்சினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்களின் பிடி தளரும். குறைந்தாலோ ஆபத்து வேறு மாதிரி: வேகம் கூடும்போது டிரெய்லர் நாய்வால்போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, காரையும் சேர்த்து இழுக்கும்.

மூட்டை என்றால் ஒன்றை முன்னால் நகர்த்திவிடலாம். படகு ஒரே உடம்பு, அதன் கனமான இயந்திரமோ கடைசிப் பலகையில் தொங்குகிறது. ஆகவே பாரத்துக்கேற்ப டிரெய்லரைத்தான் மாற்றியமைக்க வேண்டும்.

முதலில் படகு உட்காரும் தாங்கு கட்டைகள். தண்ணீரில் இருக்கும்போது படகின் அடிப்பாகம் முழுவதையும் நீர் தாங்குகிறது; டிரெய்லரிலோ இரண்டு நீண்ட கட்டைகளும் சில உருளைகளும் மட்டும். அதே எடை, சிறிய பரப்பு. எட்டாம் வகுப்பின் அழுத்தம் பாடம் இங்கே வந்து நிற்கிறது. கட்டைகள் படகின் வளைவுக்கு ஏற்பச் சாய்ந்திருக்க வேண்டும். பின்பலகை வரை நீண்டிருக்கவும் வேண்டும். ஒரு சாண் குறைந்தாலும், குண்டும் குழியுமான சாலையில் இயந்திரத்தின் எடை படகின் பின்னடியை மெல்ல வளைத்துவிடும். கட்டைகள் சரியான பிறகு, படகின் அணியம் முட்டி நிற்கும் முன்கம்பத்தை அதற்கேற்ப நகர்த்தி இறுக்குவார்கள். அணியத்துக்கு ஒரு சங்கிலி, பின்பக்கம் இருபுறமும் பட்டைகள். இது கட்டுவது மட்டுமே, விளக்கம் தேவையில்லை.

கடைசியாக அச்சு. பல டிரெய்லர்களில் அது சட்டத்தோடு யூ போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். தளர்த்தினால் முன்னும் பின்னும் நகரும். கரும்பலகையில் நாங்கள் போட்ட கணக்கு இது. படகும் சட்டமும் சேர்ந்து 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக்கரமும் அச்சும் இதில் சேராது. அவை தம் எடையை நேரே தரைக்குத் தருகின்றன. கொக்கியிலிருந்து அச்சு வரை 4 மீட்டர். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, கொக்கி முனையை எடை பார்க்கும் கருவியின் மேல் வைத்தால் 15 கிலோ காட்டுகிறது. அப்படியானால் ஈர்ப்பு மையம் எங்கே? அச்சைச் சுழல்புள்ளியாகக் கொண்டால் 15 × 4 = 600 × தூரம். தூரம் 0.1 மீட்டர், அதாவது அச்சுக்கு வெறும் 10 செ.மீ. முன்னால்.

நமக்கு வேண்டியது 60 கிலோ. அதற்கு அந்தத் தூரம் 40 செ.மீ. ஆக வேண்டும் என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். அப்படியானால் அச்சை 30 செ.மீ. பின்னால் தள்ளலாம். இங்கே நிறுத்தி, "இப்போது கருவி எவ்வளவு காட்டும்?" என்று கேளுங்கள். எல்லாரும் 60 என்பார்கள். ஆனால் வருவது ஏறக்குறைய 56. அச்சு நகர்ந்ததால் கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே உள்ள தூரமும் 4.3 மீட்டராகிவிட்டது. 600 × 0.4 ÷ 4.3. என் வகுப்பில் இதைக் கண்டுபிடித்த மாணவி, கணக்குத் தேர்வில் நாற்பதைத் தாண்டாதவள்.

அச்சை நகர்த்திய பின் இன்னொரு சோதனை உண்டு. கொக்கிப் புள்ளியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் நூல் பிடித்து அளந்தால் இரண்டு நீளமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரெய்லர் நண்டுபோல ஒருக்களித்து ஓடும், டயர் தேயும். இருசமபக்க முக்கோணத்தை இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது?

மலைச்சாலை இந்தக் கணக்கில் ஒரு வரியைக் கூட்டுகிறது. ஏற்றத்தில் ஈர்ப்பு மையத்திலிருந்து விழும் நேர்குத்துக்கோடு பின்னுக்கு நகரும். 15 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம், கொக்கி மட்டத்துக்கு 60 செ.மீ. மேலே ஈர்ப்பு மையம் என்று கொண்டால் நகர்வு 4 செ.மீ. கையில் 40 செ.மீ. இருந்தால் 4 போவது பெரிதல்ல. 5 செ.மீ.தான் இருந்தது என்றால் மிச்சம் ஒன்றுதான். மழைநீர் தேங்கிய படகு இன்னும் மோசம். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 5 செ.மீ. ஆழம் என்றால் 150 லிட்டர், 150 கிலோ. அதுவும் ஏற்றத்தில் பின்பக்கம் ஓடிச் சேரும். படகின் அடித்தக்கையைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வகுப்பில் செய்து பார்க்கச் செலவே இல்லை. ஒரு பொம்மைக் கார், அதன் பின்னால் குண்டூசியால் கோத்த அட்டைச் சட்டம், பாட்டில் மூடிச் சக்கரங்கள், ஒரு களிமண் உருண்டை. சாய்த்த பெஞ்சில் ஓடவிட்டு, சட்டத்தின் பின்முனையை விரலால் இலேசாகத் தட்டுங்கள். களிமண் அச்சுக்கு முன்னால் இருந்தால் ஆட்டம் அடங்கும். பின்னால் இருந்தால் ஆட்டம் பெருகி வண்டியே திரும்பிவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பத்து முறையாவது செய்யச் சொல்வார்கள், பாடவேளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் வகுப்பில் பலருடைய அம்மாக்கள் விடியுமுன் ஜீப்பில் மேலே போகிறவர்கள். ஜீப்பின் பின்படியில் நால்வர் தொற்றி நிற்பது இங்கே புதிய காட்சியல்ல. அதே சமன்பாட்டைப் போட்டோம். ஆளுக்கு 60 கிலோ, நால்வர் 240 கிலோ. பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் நிற்கிறார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.4 மீட்டர். 240 × 0.6 ÷ 2.4 = 60 கிலோ. முன்சக்கரங்கள் தரையை அழுத்தும் எடையில் அவ்வளவு குறைகிறது. திருப்புவது முன்சக்கரம்தான் என்பதை நான் சொல்லவில்லை. ஒரு பையன் சொன்னான். அவனுடைய அப்பா ஜீப் ஓட்டுகிறார்.

இந்த இடத்தில் ஆசிரியர் பிரசங்கம் செய்யக் கூடாது என்பது என் கருத்து. கூலி வேலைக்குப் போகிறவர்கள் இடம் பார்த்து ஏற முடிவதில்லை என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கணக்கை மட்டும் அவர்கள் கையில் கொடுத்தால் போதும். நகர்வு பக்கவாட்டிலும் நடக்கலாம் என்பதற்கு 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த ஜலகன்யகா படகைச் சொன்னேன். 45 பேர் இறந்தார்கள். மேல்தட்டில் இருந்தவர்கள் விலங்குகளைப் பார்க்க ஒரே பக்கமாகத் திரண்டதாக அப்போது செய்திகளில் வந்தது.

மறுநாள் ஒரு மாணவி நோட்டில் அடுத்த கணக்கைப் போட்டு வந்தாள். பின்படியில் நிற்கும் நால்வரில் ஒருவர் முன்சீட்டுக்கு மாறினால்? முன்சீட்டு பின் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் என்று அவளே ஸ்கேல் வைத்து அளந்திருந்தாள். படியிலிருந்து இறங்கியதால் முன்சக்கரத்துக்குத் திரும்பக் கிடைப்பது 15 கிலோ, சீட்டில் உட்கார்ந்ததால் கூடுவது 30 கிலோ. ஒரே ஆள் இடம் மாறினால் 45 கிலோ. "டிரைவர் அண்ணன்கிட்ட காட்டலாமா சார்?" என்று கேட்டாள். காட்டச் சொன்னேன்.