ஒரே பந்தியில் உட்கார்ந்தால் போதுமா? கல்லூரி ஒன்றுகூடல் விழாக்கள் எப்போது பலன் தரும்?

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கும் இந்தப் பெயர் பழகிவிட்டது. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் குலசை என்றால் இன்றைக்கும் முத்தாரம்மன் கோயில் தசராதான். மாலை போட்டு, விரதம் இருந்து, காளி, கிருஷ்ணர், குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர் என்று வேடம் கட்டி, வீடு வீடாகத் தர்மம் எடுத்து அம்மனுக்குச் செலுத்துவார்கள். கார் வைத்திருப்பவரும் அந்த நாட்களில் கையேந்தித்தான் ஆக வேண்டும். வேடத்துக்குள்ளே இருப்பது யாரு, எவருன்னு யாரும் கேட்பதில்லை.

அப்படிப்பட்ட தசராவுக்கே, சாதியைக் காட்டும் கொடி, ரிப்பன், பனியனோடு வரக் கூடாது என்று காவல் துறை அறிவிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றுகூடுவது வேறு, ஒன்றாவது வேறு.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான் திருச்செந்தூர், தூத்துக்குடி, பாளையங்கோட்டை கல்லூரிகளுக்கும், அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகத்துக்கும் போகிறார்கள். 1990-ல் தொடங்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்கள் வருகின்றன. பொதுவாகக் கல்லூரிகளில் சேர்ந்ததும் வரவேற்பு விழா, தை மாதம் சமத்துவப் பொங்கல், பிறகு விளையாட்டு விழா, கலை விழா என்று வருடம் முழுக்க ஏதாவது நடக்கும். போட்டோ எடுத்து, அறிக்கை எழுதி, கோப்பில் வைத்துவிடுவார்கள். இதனால் பிள்ளைகளுக்குள் ஏதாவது மாறுகிறதா?

இதை நடத்தச் சொன்னது யார்?

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி). ராகிங் தடுப்புக்கான 2009 விதிமுறைகளிலேயே, முதல் இரண்டு வாரத்துக்குள் சீனியர் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து துறைவாரியாக வரவேற்பு விழா நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். 2012-ல் வந்த விதிமுறைகள் ஒருபடி மேலே போய், பாகுபாட்டைத் தடுக்க சமவாய்ப்பு மையமும், புகாரை விசாரிக்க ஓர் அலுவலரும் வேண்டும் என்றன. 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய விதிமுறைகளை உச்ச நீதிமன்றம் அதே மாதம் நிறுத்தி வைத்து, 2012 விதிமுறைகளே தொடரட்டும் என்றது. ஆக, விழா நடத்துவதோடு கல்லூரியின் கடமை முடிவதில்லை.

நம்ம பக்கம் இது ஏன் வெறும் சடங்கு இல்லை?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் 2 மாணவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், வெளியாட்கள் இல்லை. அவருடைய பள்ளியில் படித்தவர்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை கைக்கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு வரைக்கும் பேசியது. மஞ்சள், சிவப்பு, பச்சை என்று கயிற்றின் நிறத்தைப் பார்த்தே 'இவன் நம்மாளு' என்று சொல்லிவிடும் பழக்கம் இங்கே உண்டு. கயிற்றுக்கு எதிராக 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அது அப்படியே அடங்கிப்போனது.

பள்ளியில் கயிறு கட்டிய கை, கல்லூரிக்கு வரும்போது மட்டும் சும்மா வந்துவிடுமா?

நூறு வருடத்துக்கு முந்தைய பந்தி

தாமிரபரணிக் கரைக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. 1922-ல் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். நோக்கம் பெரியது: தேசப்பற்றும் தமிழும் கைத்தொழிலும் சேர்ந்த கல்வி. தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது, பொதுமக்களும் நன்கொடை தந்தார்கள். ஆனால் சில பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். செய்தி வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காந்தி வரை பஞ்சாயத்து போனது. 1925-ல் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். அதே வருடம் நவம்பரில் பெரியார் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறினார்.

அங்கே பாடம் பொதுதான், உழைப்பும் பொதுதான். சாப்பாட்டு இலை மட்டும் தனி. ஒரு நிறுவனம் என்ன பேசுகிறது என்பதைவிட, தினமும் மூன்று வேளை என்ன செய்கிறது என்பதைத்தான் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு சமபந்தியைவிட விடுதி மெஸ்ஸில் யார் யாரோடு தட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறார் என்பது முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

சேர்ந்து விளையாடினால் சரியாகிவிடுமா?

எல்லோரும் சொல்லும் மருந்து விளையாட்டு. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதற்கு நிபந்தனை போட்டார். சும்மா சந்தித்தால் பகை குறையாது. இரண்டு தரப்பும் சமமான நிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும்.

இதை நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். பொருளாதார ஆய்வாளர் மாட் லோ, உத்தரப் பிரதேச கிராமங்களில் கிரிக்கெட் லீக் நடத்தினார். யார் எந்த அணி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார். சில அணிகளில் ஒரே சாதி, சிலவற்றில் கலப்பு. 2021-ல் வெளியான முடிவு சுவாரசியமானது. ஒரே அணியில் ஆடியவர்களுக்குள் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மோதியவர்களிடம் பெரும்பாலும் நெருக்கம் குறைந்தது. அதாவது தெரு வாரியாக, ஊர் வாரியாக டீம் கட்டி மோதவிட்டால், நாமே காசு செலவழித்துப் பகையை வளர்க்கவும் வாய்ப்பு உண்டு.

2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வுக்குப் பேருந்தில் போன பிளஸ் 1 மாணவரை இறக்கி வெட்டியதில் விரல்கள் துண்டிக்கப்பட்டன. பின்னணியாகச் செய்திகளில் அடிபட்டது ஒரு கபடிப் போட்டி.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதல் வேலை, அணியையும் அறையையும் குலுக்கல் போட்டுப் பிரிப்பது. 'நீங்களே டீம் சேர்த்துக்கோங்க' என்று விட்டால், ஒரே ஊர் பஸ்ஸில் வந்தவர்கள் ஒன்றாகப் போய் நிற்பார்கள். அதில் தப்பும் இல்லை, தெரிந்த முகத்தைத்தானே தேடுவார்கள்! விழாவில் வேலைப் பங்கீட்டையும் பார்க்க வேண்டும்: மைக் பிடிப்பவர் யார், பந்தி முடிந்து இலை எடுப்பவர் யார்? வருடா வருடம் அதே ஆட்கள் என்றால் பொங்கல் பானையில் 'சமத்துவம்' என்று எழுதி ஒட்டி என்ன பயன்?

நேரமும் முக்கியம். உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து நெல்லைக்கு வந்துபோகும் பிள்ளை சாயங்கால நிகழ்ச்சிக்கு இருந்தால் பஸ் போய்விடும். பெண் பிள்ளை என்றால் வீட்டில் விடவே மாட்டார்கள். வேலை நேரத்துக்குள் வைத்தால்தான் அவர்கள் வருவார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் பரிசு வாங்க மேடைக்கு எப்படி ஏறுவார் என்பதை ஒத்திகையன்றே யோசித்துவிட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள், கல்லூரியில் சமவாய்ப்பு மையம் எந்த அறையில் இருக்கிறது, பாகுபாடு குறித்த புகாரை வாங்கும் அலுவலர் யார் என்பதை முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.