பழைய இரும்புத் தொட்டி

வார்த்தல் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். தோசை வார்த்தல் என்கிறோம். தண்ணீர் வார்த்தல் என்கிறோம். இரும்பையும் அவ்வாறே உருக்கி, மணலில் அமைத்த அச்சில் வார்த்தெடுப்பது உண்டு. அங்ஙனம் பெற்ற இரும்பே வார்ப்பிரும்பு. குழிப்பணியாரக் கல்லும், பழைய தையற்பொறியின் கால்களும் வார்ப்பிரும்பால் ஆனவை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அமெரிக்க நாட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் எழுந்த வீடுகள் பலவற்றில், ஒருவர் கால் நீட்டி அமர்ந்து குளிக்கும் தொட்டியும், அடுக்களையில் பாத்திரம் கழுவும் தொட்டியும் இவ்விரும்பால் ஆனவையே. வெறும் இரும்பு நீர் பட்டால் துருவேறும் அன்றோ? ஆதலின் வார்த்த தொட்டியைச் செந்நிறம் ஏறக் காய்ச்சி, அச்சூட்டிலேயே நுண்ணிய கண்ணாடிப் பொடியைச் சல்லடையால் அதன்மேல் தூவுவர். பொடி உருகி, இரும்போடு ஒன்றிப் பால்போன்ற தோலாகப் படியும். இதனையே எனாமல் என்கிறோம்.

விசுகான்சின் மாநிலத்து ஷெபாய்கன் நகரில் தொழிற்சாலை நடத்திய ஜான் மைக்கேல் கோலர் என்பவர், 1883-ஆம் ஆண்டில், கால்நடைகளுக்கு உரிய தொட்டி ஒன்றிற்கு எனாமல் பூசிக் குளியல் தொட்டியாக்கினார் என்றும், அதனை உழவர் ஒருவரிடம் ஒரு பசுவுக்கும் 14 கோழிகளுக்கும் மாற்றினார் என்றும் அவர் நிறுவியவர்கள் வழிவந்த நிறுவனத்தார் கூறுவர். பழைய இரும்பைப் பெற்றுக்கொண்டு பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுத்த நம் ஊர்த் தெரு வணிகர் என் நினைவுக்கு வருகின்றனர். அவரினும் கோலர் நல்ல வாணிகம் செய்தார் போலும்! இரும்பில் எனாமல் பூசும் முறையைத் திருத்தியவருள் டேவிட் டன்பார் பியூக் என்பவரும் ஒருவர். அவர் பின்னர் அத்தொழிலை விட்டு மோட்டார் வண்டி செய்யப் புகுந்தார். இன்று அவர் பெயரை வண்டியால் அறிவார் பலர்; தொட்டியால் அறிவார் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன் யான் அந்நாட்டில் என் மகள் இல்லத்தில் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டைப் புதிதாக வாங்கியவர் அதனைச் செப்பனிடத் தொடங்கினார். மாடியில் இருந்த குளியல் தொட்டியையும் அடுக்களைத் தொட்டியையும் உடைத்து அகற்றுவதற்கு இருவர் சம்மட்டியுடன் வந்தனர். என்னையும் அழைத்தமையால் அருகிருந்து கண்டேன்.

உடைப்பானேன் என்று நீங்கள் வினவலாம். இத்தகைய குளியல் தொட்டி பெரும்பாலும் 120 கிலோ முதல் 180 கிலோ வரை எடை உடையது. மாடிப்படியில் அதனை இறக்குங்கால் ஒருவர் கை நழுவினும் கீழ்ப்படியில் நிற்பவர் உயிருக்கே கேடு. துண்டுகளாக்கினால் வாளியில் இட்டும் சுமந்து செல்லலாம். எஃகுத் தொட்டியாயின் சம்மட்டிக்கு நெளியுமேயன்றி உடையாது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்துள்ளது. அக்கரியின் பெரும்பகுதி மெல்லிய செதில்களாக இரும்பினுள் படிந்து கிடக்கிறது. அடி விழுந்தால் பிளவு அச்செதில்களின் வழியே ஓடிவிடும். தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். வார்ப்பிரும்போ ஏறத்தாழ 1200 பாகையிலேயே உருகும். அதனை எளிதில் உருகச் செய்யும் கரியே எளிதில் உடையவும் செய்கிறது.

உடையும்போது எனாமல் கூரிய சில்லுகளாகத் தெறிக்கும். வந்தவருள் இளையவர் வெறுங்கண்ணோடு நின்றார். மூத்தவர் அவரை அதட்டிக் கண்காப்பு அணிவித்து, அடுக்களைத் தொட்டியின்மேல் தடித்த கம்பளத்தைப் போர்த்திய பின்னரே சம்மட்டியைத் தொட்டார். அதற்கு முன்பே பித்தளைக் குழாய்களைக் கழற்றித் தனியே வைத்துவிட்டார். எடைக்கு எடை பித்தளை இரும்பினும் பன்மடங்கு விலை பெறும். இரண்டையும் கலந்து விற்பவர் இழப்பவரே. அத்தொட்டியில் முன்னரே நீண்ட விரிசல் இருந்தது. ஆதலின் சில அடிகளிலேயே துண்டுகளாயிற்று. அத்துண்டுகள் வார்ப்பாலைக்குச் சென்று உலையில் உருகும். எனாமல் கசடோடு நீங்கிவிடும். இரும்பு சாக்கடை மூடியாகவோ எந்திர உறுப்பாகவோ மீண்டும் பிறக்கும்.

பின்னர் மாடிக்குச் சென்றோம். மூத்தவர் சம்மட்டியை ஓங்கவில்லை. விளக்கைப் பிடித்துத் தொட்டியின் உட்புறம் முழுவதையும் நோக்கினார்; விரலால் தடவினார்; அடிப்புறத்தில் புடைத்திருந்த எழுத்துகளைப் படித்தார். வார்த்தவர் பெயரும் ஆண்டும் அங்கே இருந்தன. எனாமல் ஓரிடத்தும் பெயரவில்லை. உருண்டையைப் பற்றிய பறவை நகம்போலக் கால்கள் அமைந்திருந்தன. எடைக்கு விற்றால் தம் கூலிக்கும் காணாது என்றும், பழம்பொருள் வணிகர் முழுத்தொட்டியாகப் பெற்றுக்கொண்டு நல்ல விலை தருவர் என்றும் அவர் வீட்டுக்குரியவரிடம் சொன்னார். வீட்டுக்குரியவர் தயங்கினார். இறக்குவதற்கு மேலும் இருவர் வேண்டும். அவர்க்கும் கூலி தரல் வேண்டும்.

பழையது என்பதனாலேயே எல்லாம் காக்கத்தக்கன ஆகிவிடா. துரு அரித்ததையும் விரிசல் விட்டதையும் உலைக்கு அனுப்புவதே தக்கது. பழைய எனாமல் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதால், தேய்ந்துபோன தொட்டியில் ஆராயாது குழந்தைகளைக் குளிப்பாட்டலும் ஆகாது. மேலே புதுப்பூச்சு தெளித்துத் தருவார் உளர். அது வண்ணப்பூச்சைப் போன்றதேயன்றி நெருப்பில் ஒன்றிய கண்ணாடி அன்று. சில ஆண்டுகளில் உரிந்துவிடும். ஆயின் இத்தொட்டி குறையற்றது. உடைத்தால் இரும்பு மட்டும் மிஞ்சும், தொட்டி மிஞ்சாது. இதனை எண்ணியோ, விலையை எண்ணியோ, வீட்டுக்குரியவர் இறுதியில் இசைந்தார்.

அப்போதுதான் ஒரு குறை தெரிந்தது. கால்கள் மூன்றே இருந்தன. நான்காவதன் இடத்தில் மரக்கட்டை ஒன்று முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு தொட்டியின் கால் மற்றொன்றிற்குப் பொருந்துவது அரிது. காலில்லாத் தொட்டிக்கு வணிகர் விலையைக் குறைத்துவிடுவர். வீடு முழுவதும் தேடினார்கள். நிலவறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி எவரோ எந்நாளிலோ அண்டை கொடுத்து வைத்திருந்த இரும்புத் துண்டை இளையவர் எடுத்து வந்தார். நகமும் உருண்டையும் அதில் இருந்தன. மாலையில் நால்வர் வார்களைத் தோளில் மாட்டிப் படிக்குப் படி நின்று தொட்டியை இறக்கினர். நான்கு கால்களும் ஒரு சாக்கில் கட்டப்பெற்று அதனுள் இருந்தன.