லண்டன் எவ்வளவு தூரம்?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசி வீடுகளில் வெளியூர்ப் பிள்ளைகளின் வரவைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள், லண்டனில் உத்தியோகம் பார்க்கும் மகனின் பிரயாண விவரம் எழுதிய காகிதத்துடன் அடுத்த வீட்டு ஆச்சி என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

"தம்பி, இது என்ன கணக்கு? பம்பாயில் பகல் 2 மணிக்கு ஏறினால் லண்டனில் மாலை ஏழரைக்கு இறங்குகிறான். ஐந்தரை மணி நேரம். அங்கே காலை 10 மணிக்கு ஏறினால் பம்பாய்க்கு வர இரவு பதினொன்றரை. பதின்மூன்றரை மணி நேரம்! வருகிற வழி மட்டும் அவ்வளவு நீளமா?"

ஆச்சியின் கணக்கில் பிழையில்லை, கடிகாரங்களில்தான் வித்தியாசம். கோடையில் லண்டன் கடிகாரம் நம்முடையதற்கு நான்கரை மணி பிந்தியது. குளிர்காலத்தில் ஐந்தரை மணி. போகும்போது அந்த வித்தியாசம் பிரயாண நேரத்தைக் குறைத்துக் காட்டுகிறது. வரும்போது கூட்டிக் காட்டுகிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வித்தியாசம் தானே கழிந்துவிடும். இங்கே சராசரி ஒன்பதரை மணி நேரம். உண்மையில் போக 10, வர 9. அந்த ஒரு மணி நேர லாபம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்றின் உபயம்.

தூரத்தை அறியப் பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் போதும். இன்று மும்பை என வழங்கும் பம்பாயிலிருந்து லண்டன் சுமார் 7,200 கிலோ மீட்டர். விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோ மீட்டர் பறந்தால் 8 மணி நேரம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வழி வளைவதற்கும் மிச்ச நேரம்.

சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறையுமுன், 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி இரவு, ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் இதே பம்பாயிலிருந்து புறப்பட்டது. கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் தங்கி, 10-ந் தேதி லண்டன் சேர்ந்தது. நம் நாட்டு விமானம் ஐரோப்பாவுக்குச் சென்றது என்று தேசமே பூரித்தது. இன்று இடையில் எங்கும் இறங்காமலே போய்விடுகிறார்கள்.

இதையெல்லாம் கேட்ட ஆச்சி மெல்லக் கேட்டார்: "எனக்கு ஒன்று என்றால் எத்தனை மணியில் வந்து சேருவான்?"

லண்டனிலிருந்து பம்பாய் 9 மணி நேரம். அங்கிருந்து திருவனந்தபுரம் 2 மணி நேரம். டாட்டா கம்பெனியார் 1935-லேயே தபால் விமானம் விட்ட வழி அது. திருவனந்தபுரம் விமான நிலையம் தென்காசிக்கு நேர்கோட்டில் 70 கிலோ மீட்டர் கூட இல்லை. ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஆரியங்காவு வழியாக மோட்டாரில் வளைந்து வர 3 மணி நேரமாகும். விமான நிலையங்களில் காத்திருப்பதையும் சேர்த்தால், ஒரு பகலும் ஓர் இரவும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் உடனே டிக்கெட் கிடைத்தால்!

ஆச்சி சற்று நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்படியானால் எனக்கு ஒன்று ஆகட்டும் என்று அவன் காத்திருக்க வேண்டாம். இந்தச் சாரலுக்கே வரச் சொல்லி எழுது, தம்பி!"

எழுதினேன். பிள்ளைகளைத் தூரதேசம் அனுப்பியிருக்கும் நேயர்களும் எழுதலாம்.