ரப்பர் கொட்டையும் மூளை அலையும்

தம்பி தங்கைகளே, நம் ஊரான மெர்லிமாவைச் சுற்றி இப்போது செம்பனைதான் அதிகம். ஆனால் உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். பால்மரக் காட்டில் ரப்பர் கொட்டை பொறுக்கி விளையாடிய கதை வரும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கொட்டைகளை வைத்து உள்ளங்கையால் ஓங்கிக் குத்த வேண்டும். உடைந்தது தோற்றது.

சென்ற பள்ளி விடுமுறையில் என் அக்கா மகன் ஓடிவந்தான். "மாமா, கறுத்த கொட்டைதான் பலசாலி! கண்டுபிடிச்சிட்டேன்!"

எப்படி என்று கேட்டேன். முதலில் பெரியது, சின்னது என்று பிரித்தானாம், வித்தியாசம் இல்லை. எந்த மரத்துக் கொட்டை என்று பார்த்தானாம், இல்லை. ஈரமா, காய்ந்ததா? அதுவும் இல்லை. கடைசியாக நிறத்தைப் பார்த்தபோது கறுத்தவை அதிகம் வென்றிருந்தன. அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் விடை கிடைக்கும்வரை கேள்வியை மாற்றிக்கொண்டே போயிருக்கிறான்.

பெரிய விஞ்ஞானிகளும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மனம் நினைப்பது உடலில் எப்படித் தெரிகிறது என்று ஆராயும் துறை உளவுடலியல். தலையில் மின்முனைகள் பதித்த தொப்பியை மாட்டி மூளை அலைகளைப் பதிவு செய்வார்கள். மனித மூளையின் அலையை 1924இல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இன்றைய தொப்பியில் 32, 64 என்று மின்முனைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நொடிக்குள் பல மேடுபள்ளங்கள். எந்த மின்முனை, எந்த நேரத் துண்டு என்பதை வரைபடத்தைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால், எங்காவது ஒரு "வித்தியாசம்" அகப்பட்டே தீரும்.

கணக்கைப் பாருங்கள். உண்மையில் வித்தியாசமே இல்லாத இடத்தில், தற்செயல் நம்மை ஏமாற்றும் வாய்ப்பு 100க்கு 5 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் வழக்கமாக ஏற்கும் எல்லை. ஒருமுறை சோதித்தால் அவ்வளவுதான். ஒன்றையொன்று சாராத 7 சோதனைகள் செய்தால், ஒன்றிலாவது ஏமாறும் வாய்ப்பு 30 ஆகிவிடும். 20 சோதனை என்றால் 64!

ஸ்டீவன் லக், நிக்கலஸ் கேஸ்பலின் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் இதைச் செய்தே காட்டினார்கள். உண்மையான மூளை அலைப் பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் வேறுபாடு இருக்க வழியே இல்லை. ஆனாலும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியபோது வேறுபாடு "கிடைத்தது". எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. தங்கள் துறையின் ஓட்டையைத் தாங்களே திறந்து காட்ட நெஞ்சுரம் வேண்டும்.

அதனால்தான் இப்போது பல ஆய்வாளர்கள் எதை, எங்கே, எப்போது அளப்போம் என்று முன்கூட்டியே எழுதிப் பதிந்துவிடுகிறார்கள்.

அக்கா மகனும் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, "கறுத்தது வெல்லும்" என்று முதலில் எழுதினான். பிறகு புதிய கொட்டைகள் பொறுக்கி வந்து, கறுத்ததையும் வெளுத்ததையும் 20 முறை மோதவிட்டான். கறுத்தது வென்றது 9 முறை. கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு அந்த 9ஐ அப்படியே எழுதி வைத்தான்.