புதுவீட்டின் சாவி பெறும் நாளில்

தோட்ட லயத்தில் கூரை ஒழுகினால் நிர்வாகத்திடம் முறையிடுவது நம் வழக்கம். சொந்த வீட்டில் குறை தென்பட்டால் யாரிடம், எவ்வாறு முறையிடுவது? சேமநிதிப் பணத்தைப் போட்டு வீடு வாங்கும் தொழிலாளர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

தீபகற்ப மலேசியாவில், உரிமம் பெற்ற வீடமைப்பு நிறுவனத்திடமிருந்து புதுவீடு வாங்குவோருக்குச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தென்படும் கட்டுமானக் குறைகளை அந்நிறுவனம் தன் செலவிலேயே சீர்செய்தல் வேண்டும். எழுத்து மூலமான அறிவிப்புக் கிடைத்த 30 நாள்களுக்குள் அது செய்யப்பட வேண்டும். காவற்காரரிடம் வாய்மொழியாகக் கூறுவது அறிவிப்பு ஆகாது.

ஆகவே, சாவி பெற்றதும் பகல் வெளிச்சத்தில் வீட்டைச் சோதிப்போம். குழாய்களை எல்லாம் திறந்துவிட்டு, நீர் தடையின்றி வடிகிறதா எனப் பார்க்க வேண்டும். குளியலறைத் தரையில் ஊற்றிய நீர் ஒரு மூலையில் தேங்கினால் தரையின் சரிவு தவறு. தரை ஓடுகளை நாணயத்தால் தட்டும்போது வெற்றொலி கேட்டால் அடியில் சாந்து சரியாகப் பிடிக்கவில்லை என்பது பொருள். கதவு, சன்னல், மின்விசை ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்ப்பதோடு, சுவர் வெடிப்புகளையும் குறித்துக்கொள்வது நலம்.

ஒரு நாள் சோதனையில் எல்லாம் வெளிப்பட்டுவிடாது. சுவருக்குள் மறைந்த குழாயின் கசிவு நாளடைவிலும், கூரையின் ஒழுக்கு பெருமழைக்குப் பின்னருமே தெரியவரும். மழைக்குப் பின்னும், 24 மாதங்கள் நிறைவுறுமுன்னும் மீண்டும் சோதிக்க வேண்டும். முதற்சோதனைக்கு முன் சுவரை இடிப்பதும் அறையைக் கூட்டிக் கட்டுவதும் கூடாது. அதனால் நேர்ந்த குறை நம்முடையதே எனக் கூறிவிடுவர்.

கண்ட குறைகளை இடம் குறிப்பிட்டுப் பட்டியலிட்டு, படம் எடுத்து, கடிதத்துடன் கொடுக்க வேண்டும். அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிப் பத்திரப்படுத்துவோம். நிறுவனம் கவனியாவிடில், 2002ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே மனுச் செய்யலாம். அப்போது அந்நகலே நமக்குச் சான்று.

பிறர் குடியிருந்த பழைய வீட்டை வாங்குவோருக்கு இந்த 24 மாதப் பாதுகாப்பு இல்லை. உள்ளது உள்ளபடியே வாங்குவதாகக் கொள்ளப்படும். எனவே அங்கே சோதனை முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே நடைபெற வேண்டும். அனுபவமுள்ள கொத்தனாரையோ மின்பணியாளரையோ உடனழைத்துச் செல்வதற்கு ஆகும் சிறு கூலி, பின்னர் வரக்கூடிய பெருஞ்செலவைத் தவிர்க்கும்.